வாயால் சொன்னது போதும், தாளில் எழுதிக் கொடுங்கள்

எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன அமர்வில் உங்கள் முன்னால் நின்ற கழிவுப் பஞ்சு மில் தொழிலாளியை மறந்திருக்க மாட்டீர்கள். கணவர் இல்லாதவர். அவர் நைட் ஷிப்டில் இருந்தபோது எட்டு வயது மகன் பஸ் ஸ்டாண்டில் தனியாகத் திரிந்தான் என்று போலீசார் உங்களிடம் கொண்டுவந்த வழக்கு. கூட வந்து கதவோரம் நின்ற கிழவி நான். ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர். அந்தப் பையனுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்த உரிமையில்தான் வந்தேன்.

அன்றைக்கு அவனைப் பாதுகாப்பில் எடுத்து குழந்தைகள் இல்லத்தில் வைத்ததை நான் குறை சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் அங்கே நிற்கிற பிள்ளைக்கு எதுவும் நடந்திருக்கலாம். அதற்கப்புறம் நடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில், "ஒழுங்கா ஒரு வீடு பாரும்மா" என்றீர்கள். தகர ஷெட்டைக் காலிசெய்துவிட்டு, தாழ்ப்பாளும் கழிப்பறையும் இருக்கிற லைன் வீட்டுக்குப் போனார். அட்வான்ஸுக்குக் காதில் கிடந்த தோடு போனது. அடுத்த முறை, "நைட் ஷிப்ட் போனால் பையனை யார் பார்ப்பது?" என்றீர்கள். நியாயமான கேள்வி. சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பகல் ஷிப்டுக்கு மாறினார், சம்பளம் குறைந்தது. போன அமர்வில் அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர், "இதில் வாடகையும் கட்டிப் பிள்ளையையும் எப்படி வளர்ப்பாய்?" என்று கேட்டார். கையோடு, வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது வேறொரு வீட்டில் வைத்து அவனை வளர்ப்பதற்கு, ஏதாவது குடும்பம் கிடைக்குமா பார்க்கலாம் என்று உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள். அவர் காதில் விழாது என்று நினைத்தீர்களோ என்னவோ.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், திரும்ப நைட்டுக்கே போயிடட்டுமா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

நான் கேட்பது ஒன்றுதான். என்னென்ன செய்தால் பையன் வீட்டுக்கு வருவான், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், அதற்கு உங்கள் தரப்பில் யார் உதவுவார், அவருடைய போன் நம்பர் என்ன – இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அந்தத் தாயின் கையில் கொடுங்கள். வாயால் சொல்வது அமர்வுக்கு அமர்வு மாறுகிறது. அவனுக்கு என்னென்ன தேவை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிய தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும். பெற்றவர் கண்ணில் அதை இதுவரை யாரும் காட்டவில்லை.

இளைஞர் நீதிச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் இருப்பதும் நீங்கள் அறிந்ததே. கணவரை இழந்த பெண்ணின் பிள்ளைக்கு அது உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது நகரத்தில் மாதம் 8,000க்குள். இவருடைய பகல் ஷிப்ட் சம்பளம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. எந்தச் சம்பளச் சீட்டு அவருக்கு உதவி வாங்கித் தர வேண்டுமோ, அதே சீட்டைக் காட்டித்தான் பிள்ளையைத் தர முடியாது என்கிறீர்கள். நிதி ஆதரவு என்ற பேச்சை அந்த அறையில் யாரும் எடுக்கவே இல்லை.

வளர்ப்புப் பராமரிப்புக்கு எடுக்கிற குடும்பத்துக்கும் அதே 4,000 ரூபாய்தான். அதற்கு மட்டும் பத்திரிகைச் செய்தி வருகிறது, "விருப்பமுள்ள தம்பதியர் விண்ணப்பிக்கலாம்" என்று. பெற்ற தாய் விருப்பமுள்ளவர் பட்டியலில் வரமாட்டார் போலிருக்கிறது. வளர்க்க முன்வருகிற நல்ல மனிதர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாருமற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் வேண்டும். இவனுக்கு அம்மா இருக்கிறார்.

இல்லம் பக்கத்து மாவட்டத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. பிள்ளையைப் பார்க்கப் போனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். போகாத வாரம், "தாய் வந்து பார்ப்பதில்லை" என்று யாராவது குறிப்பெழுதிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். எதையும் எழுதித் தராத இடத்தில் அது மட்டும் எழுத்தில் ஏறிவிடும்!

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். உங்கள் அமர்வு நாட்களில் வராண்டாவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். புறத்தொடர்புப் பணியாளர் ஒருவர் எத்தனை வீட்டுக்குத்தான் போவார் என்பதும் புரிகிறது. ஆனால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப் புதிதாக ஆள் போட வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம்.

குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம் என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் படி ஏறாமலே இது முடிய வேண்டும் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த அமர்வுக்கு அவர் வரும்போது நிதி ஆதரவு விண்ணப்பத்தையும், நான் சொன்ன அந்தத் தாளையும் தயவுசெய்து தயாராக வைத்திருங்கள். அவருக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்