மே 1 அன்று வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு

அண்ணே, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கிராம சபைக்கு யாரையோ இறக்கிவிட வந்தீர்கள். நான் அப்போது வார்டு உறுப்பினர்.

வருஷத்துக்கு 6 கிராம சபை. அதில் மே 1 கூட்டத்துக்குத்தான் ஆள் சேர்ப்பது பெரும்பாடு, வெயில் அப்படி. எங்கள் ஊர் அளவுக்கு 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். பதினோரு மணி வரை 68 பேர்தான். கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்கும் தீர்மானம் அன்றைக்கு விட்டால் அப்புறம் ஆகஸ்ட் 15தான்.

நான் போனில் ஒவ்வொருவராகக் கெஞ்சியது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் வண்டியைத் திருப்பினீர்கள். நாலு நடை! நடக்க முடியாத அப்பத்தாக்களைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டீர்கள். கைநாட்டு வைத்த ஒரு அப்பத்தாவின் பெருவிரல் மையை உங்கள் காக்கிச் சட்டை நுனியிலேயே துடைத்துவிட்டீர்கள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. வாடகை கொடுக்க வெளியே ஓடி வந்தேன், நீங்கள் இல்லை.

இப்போது கீழத்தெருவில் தண்ணீர் வருகிறது. ரொம்ப நன்றி அண்ணே. அந்தப் பக்கம் சவாரி வந்தால் தெருமுனைக் குழாயில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.