காலுறையோடு நின்றவன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் டால்ஸ்டாயின் 'க்ராய்ட்சர் சொனாட்டா' குறுநாவலைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் கட்டுரையாளர் முடித்த விதம் எனக்கு ஒப்பவில்லை. டால்ஸ்டாய் 1890இல் எழுதிய பின்னுரையை எடுத்துக்காட்டி, ஆசிரியரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்கிறார். உடலுறவே இழிவு, பிரம்மச்சரியமே லட்சியம் என்று பின்னுரை சொல்வது உண்மைதான். வயலின்காரன் ஒருவனோடு மனைவிக்குத் தொடர்பு என்று சந்தேகித்து அவளைக் கொன்றுவிட்ட கதைநாயகன் பொஸ்ட்னிஷெவ், ரயில் பெட்டியில் கறுப்பாகத் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு சக பயணியிடம் பேசுவதும் ஏறக்குறைய அதுதான். அதற்காகக் கதையையே பின்னுரைக்கு எழுதிய உதாரணமாகச் சுருக்கிவிடலாமா?

நான் வயலின் கற்றுக்கொடுப்பவள். கதைக்குப் பெயர் தந்த, வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் பீத்தோவனின் அந்த ஒன்பதாவது வயலின் சொனாட்டாவைக் காதால் கேட்டுவிட்டுக் கதையைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரிகிறது. முதலில் வயலின் தனியாக, மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லும். பியானோ அதை வாங்கித் தன் பாணியில் திருப்பிச் சொல்லும். அப்புறம்தான் பொஸ்ட்னிஷெவைக் கலங்கடித்த அந்த வேகமான பகுதி. இதில் வயலினுக்குப் பியானோ பக்கவாத்தியம் இல்லை. இரண்டும் சரிக்குச் சரி நிற்க வேண்டும்; ஏறக்குறைய ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் எதிரெதிர் நின்று வாசிக்கும் வடிவம்) போல என்று பீத்தோவனே தலைப்பில் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த வீட்டைப் பாருங்கள். தனியாக இருக்கும்போது தானும் மனைவியும் பேசிக்கொண்டது என்ன என்று பொஸ்ட்னிஷெவே சொல்கிறான். மணி என்ன, தூங்க நேரமாச்சு, இன்று என்ன சாப்பாடு, பேப்பரில் என்ன போட்டிருக்கிறது, குழந்தைக்குத் தொண்டை வலி, டாக்டருக்குச் சொல்லியனுப்பு. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்தால் சண்டை. அப்படிப்பட்டவன் முன்னால் அவன் மனைவி பியானோவில் உட்கார்ந்து, இன்னொருவனின் வயலினோடு அரைமணி நேரத்துக்கு மேல் பேசுகிறாள். அவனால் தாங்க முடியாதது இதுதான் என்பது என் கட்சி. இசை காமத்தைக் கிளறுகிறது என்பது அவன் பிறகு தேடிக்கொண்ட காரணம். அந்த முதல் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் சாதாரணம், முடிவு பலவீனம் என்று அவன் தள்ளிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது வேறு விஷயம்.

அவள் தப்பு செய்தாளா? கதையில் சாட்சியமே கிடையாது. நடையில் தொங்கிய ஓவர்கோட், சாப்பிட்டு முடித்த மேஜை, கதவைத் திறந்ததும் வெளிறிய இரண்டு முகங்கள், அவ்வளவுதான். ஆனாலும் 'மானத்தைக் காத்த கணவன்' என்று நீதிமன்றம் அவனை விடுதலை செய்கிறது. கட்டுரையாளரும் அவள் குற்றத்தை முடிந்த விஷயமாக எழுதிப் போகிறார்.

கொலை நடக்கும் இடத்தை மட்டுமாவது அவர் மறுபடி படிக்கவேண்டும். சத்தம் கேட்கக்கூடாது என்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வளைந்த குத்துவாளோடு போகிறான். வயலின்காரன் பியானோவுக்கு அடியில் புகுந்து ஓடுகிறான். பொஸ்ட்னிஷெவ் துரத்தலாம் என்று பார்க்கிறான். வெறும் காலுறையோடு மனைவியின் காதலனைத் துரத்தினால் பார்க்கச் சிரிப்பாக இருக்குமே என்று நின்றுவிடுகிறான்; தான் பயங்கரமானவனாகத் தெரியவேண்டும் என்பது அவன் எண்ணம். மிச்சமிருப்பவள் மனைவி. ஒழுக்கம் போதிக்க மட்டும் உட்கார்ந்த ஆள் இந்தக் காலுறையை எழுதியிருக்க மாட்டார். கதை, தன்னை எழுதியவரையே மீறிப் போன இடம் இது.

இன்னொரு குறை. டால்ஸ்டாயின் மனைவி சோபியா டால்ஸ்டாய்க்கு கட்டுரையில் ஒரே ஒரு வரி. கணவர் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த 1888இல்தான் அவருக்குக் கடைசிக் குழந்தை பிறந்தது, பதின்மூன்றாவது. ஊரே இது அவர் குடும்பக் கதை என்று பேசியது. தன்னை அவமானப்படுத்திவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். அதே சோபியாதான் 1891இல் பீட்டர்ஸ்பர்க் போய், ஜார் மூன்றாம் அலெக்ஸாந்தரை நேரில் பார்த்து, தடையிலிருந்த இந்தக் கதையைத் தொகுப்பு நூலில் மட்டும் அச்சிட அனுமதி வாங்கிவந்தார். அப்புறம் உட்கார்ந்து, மனைவியின் பக்கத்திலிருந்து 'யார் குற்றம்?' என்று பதில் குறுநாவலும் எழுதினார். அது ரஷ்யாவில் அச்சேறியது 1994இல். விமர்சனங்களைப் பற்றிய கட்டுரையில் முதல் விமர்சகருக்கு இடமில்லாமல் போகலாமா?

எழுத்தாளர் செகாவை மேற்கோள் காட்டியதிலும் பாதிதான் வந்திருக்கிறது. 1890 தொடக்கத்தில் கதையைப் பாராட்டியவர், கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த சகலின் தீவுக்குப் போய்வந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில், இப்போது அது தனக்கு அபத்தமாகத் தெரிகிறது என்று எழுதினார். இரண்டையும் போட்டிருக்கலாம்.

கதையின் கடைசி வரியையும் கட்டுரை தொடவில்லை. ரஷ்ய மொழியில் 'போய் வருகிறேன்' என்பதற்கும் 'மன்னியுங்கள்' என்பதற்கும் ஓசையில் கொஞ்சம்தான் வித்தியாசம். ரயிலில் கூட வந்தவர் கைநீட்டி விடைபெறுகிறார். பொஸ்ட்னிஷெவ் திருப்பிச் சொல்வது இரண்டாவது சொல்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்