வடிவேலு போட்டோ பிரேம் போட்ட கத போதும்ங்கய்யா

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து எழுதுறேன். ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற நடிகர் பேட்டி பூராத்தையும் ஒன்னு விடாம படிக்கிற ஆளு நானு. அந்த உரிமையில ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

காமெடி நடிகர்னா நீங்க கேக்குறது ரெண்டே கேள்விதான். எப்படி கஷ்டப்பட்டீங்க, யாரு சான்ஸ் குடுத்தா. வடிவேலு மதுரையில போட்டோவுக்கு பிரேம் போட்டதும் 1991ல ராஜ்கிரண் படத்துல வந்ததும் எங்க ஊரு டீக்கடையில டம்ளர் கழுவுற பய வரைக்கும் தெரியும். விவேக் அமெரிக்கன் காலேஜ்ல படிச்சாரு, தலைமைச் செயலகத்துல வேல பாத்தாரு, பாலசந்தர் 1987ல சினிமாவுக்கு கொண்டு வந்தாரு, இதுவும் மனப்பாடம். சூரிய பேட்டி எடுத்தா பரோட்டாவ விட்டு நகர மாட்டேங்குறீங்க. சரி பரோட்டாவே கேளுங்க, ஆனா அந்த சீன எத்தன தடவ எடுத்தாங்க, வாய் நெறைய வச்சுக்கிட்டு வசனம் எப்படி தெளிவா வந்துச்சுன்னு கேளுங்களேன், அதத்தானே நாங்க தெரிஞ்சுக்கணும்.

நான் இருபத்தஞ்சு வருசம் மைக் செட் போட்டவன்ங்க. திருவிழா நாடகம்னா குழாய் கட்டுறதுல இருந்து விடியக்காலைல வயர சுருட்டுற வரைக்கும் மேடைக்கு பக்கத்துலயேதான் கெடப்பேன். ஸ்பெஷல் நாடகம் தெரியும்ல, ராஜபார்ட்டுங்கிற கதாநாயகன் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டுங்கிற கதாநாயகி ஒரு ஊரு, ஒத்திகை கித்திகை எதுவும் கெடையாது, மேடையில ஏறித்தான் ஒருத்தர ஒருத்தர் பாக்குறதே, இருந்தும் வள்ளி திருமணம் விடிய விடிய ஓடும். இதுல மொத ஆளா வந்து கூட்டத்த உக்கார வைக்கிறது பபூன்தான், அதான் நாடகத்துல சிரிப்பு காட்டுற ஆளு.

எங்களுக்கு வாடிக்கையா வர்ற பபூன் ஒருத்தர் இருந்தாரு. வந்ததும் டீய குடிச்சுக்கிட்டே ஊருக்காரங்ககிட்ட, இங்க யாருப்பா கஞ்சப்பய, எந்த மாமன் மச்சான் பேசிக்காம இருக்காங்கன்னு மெதுவா வெசாரிப்பாரு. அம்புட்டும் ராத்திரி மேடையில வந்துரும், சம்பந்தப்பட்டவரே வயித்த புடிச்சுக்கிட்டு சிரிப்பாரு. மொத வருசம் அவரு பேச்சு நடுவுல மூஞ்சிய மைக்க விட்டு திருப்பிக்கிட்டாரு. அடடா சவுண்டு போகலையேன்னு நான் வால்யூம திருகிட்டேன், சரியா அந்த நேரத்துல அவரு திரும்பி வந்து வெடிய போட, மைக்கு கூ...ன்னு கத்தி ஜோக்கு செத்துப்போச்சு. எறங்கி வந்து, "ஏம்ப்பா தம்பி, நான் திரும்புனா கூட்டம் காத தீட்டிக்கிட்டு கம்முனு ஆகும்ல, அந்த கம்முனு இருக்குறதுலதான்டா சிரிப்பே இருக்கு, அத போய் கெடுத்துட்டியே"ன்னாரு. அதுக்கப்புறம் அவரு திரும்புனா நான் கைய கட்டிக்கிருவேன். இந்த மாதிரி ஒரு விசயத்த எந்த பேட்டியிலயாவது படிச்சிருக்கமா சொல்லுங்க.

ரெண்டு வருசம் முன்ன ஒரு யூட்யூப் சேனல்காரங்க அவர தேடி வந்தாங்க. பேரு வேணாம். ரெண்டு மணி நேரம் பேசுனாரு, பழைய டூயட்டெல்லாம் பாடி காமிச்சாரு, நான் பக்கத்துலதான் இருந்தேன். வீடியோவுல வந்தது எட்டு நிமிசம், சம்சாரம் போனத சொல்லி கண்ணு கலங்குன எடம் மட்டும், பின்னால சோக வயலின் வேற. என் போன்லதான் பாத்தாரு. பாத்துட்டு, "என்னப்பா, நான் செத்துட்டனா?"ன்னு கேட்டாரு.

அய்யா, 1918ல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சின்ன பயலுகள வச்சு பால சபான்னு நாடகக் கம்பெனி ஆரம்பிச்சது நம்ம மதுரையில, பின்னால பெரிய நாடகக்காரங்களா ஆன டி.கே.எஸ். அண்ணன் தம்பிக தொழில் கத்துக்கிட்டது அங்கதான். சுண்ணாம்புக்காரத் தெரு நாடக சங்கத்து பக்கம் போனா இன்னைக்கும் பபூன் வேசம் கட்டுறவங்கள பாக்கலாம். சினிமா ஸ்டாருக்கு குடுக்குற பக்கத்துல பாதிய இவங்களுக்கு குடுங்க. தொழில பத்தி கேளுங்க, அழுக வைக்காதீங்க.

பங்குனி சித்திரையில எங்க பக்கம் தெனம் ஒரு ஊர்ல நாடகம் இருக்கும். நிருபர அனுப்புறதா இருந்தா ராத்திரி சாப்பாட்ட முடிச்சுட்டு வரச் சொல்லுங்க, பபூன் ஏற பத்து மணிக்கு மேல ஆயிரும். முன்னாடி மட்டும் உக்கார வேணாம்னு சொல்லிருங்க, பேப்பர்காரர்னு தெரிஞ்சா மொத கிண்டலே அவருக்குத்தான்.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்,
உசிலம்பட்டி வட்டாரம்