முதலில் மீட்டர், அப்புறம் ஸ்பீக்கர்

களியக்காவிளை

அன்பு மக்களே,

ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி காயில் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) கருகிப் போச்சு என்று நீ போனில் சொன்னாய். அப்படியானால் குறை ஸ்பீக்கரில் இல்லை, 4440 ஐசி வைத்த உன் ஆம்ப்ளிஃபையர் போர்டில்தான். அதனால் இன்னொன்று வாங்க இப்போது கடைக்கு ஓடாதே.

ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டு. பாட்டு எதுவும் கொடுக்காமல் அதன் இரண்டு முனையிலும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வோல்ட் அளந்து பார். வெறும் முனையில் அளந்தால் கெபாசிட்டரின் சின்னக் கசிவுகூட பெரிய வோல்ட்டாகக் காட்டும், அதற்குத்தான் ரெசிஸ்டர். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 6 வோல்ட் பக்கமோ அதற்கு மேலோ நின்றால், அவுட்புட்டில் இருக்கிற பெரிய கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். 12 வோல்ட் சப்ளையில் ஐசியின் அவுட்புட் எப்போதும் பாதி வோல்ட்டில்தான் நிற்கும். அதை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் தடுப்பதே அந்தக் கெபாசிட்டர். அது போய்விட்டால் 4 ஓம் காயிலில் ஒன்றரை ஆம்பியர் நிற்காமல் ஓடும். ஸ்பீக்கரின் கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளியே நிற்கும், அந்த டிசியால் சத்தம் எதுவும் வராது, காயில் மட்டும் வெந்துவிடும். புதுக் கெபாசிட்டர் போடும்போது பிளஸ் ஐசி பக்கம் இருக்கணும்.

அடுத்தது டிரான்ஸ்பார்மர். 12-0-12-ல் இரண்டு ஓரத்து வயரையும் ஏசியை டிசியாக்குகிற டையோட் பிரிட்ஜில் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் 33 வோல்ட் வரும். 4440-க்கு 18 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. நடு வயரும் ஒரு ஓரமும் போதும்.

எதைச் சரி செய்தாலும் முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது டிரான்ஸ்பார்மருக்குப் போகிற மெயின்ஸ் வயரில் 25 வாட் இழை பல்பை சீரிஸில் போடு. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. ஒரு நொடி மின்னி மங்கினால் சரி, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணை, எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போடணும். செம்புக் கம்பி சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், மக்களே. மெயின்ஸ் பக்கம் கை வைக்கும்போது ரூமில் யாராவது கூட இருக்கட்டும்.

எல்லாம் சரியானதும் ரிலே (கரண்ட்டில் தானே இயங்குகிற சுவிட்ச்) வைத்த ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு ஒன்று வாங்கிப் போட்டுவிடு. ஆன் செய்கிறபோது வருகிற 'டொப்' சத்தத்தை அது ஸ்பீக்கருக்கு விடாது, டிசி வந்தாலும் வெட்டிவிடும். அந்தக் காசு வீண் இல்லை.

இங்கே ஐப்பசி இடி தொடங்கியாச்சு, கொச்சியிலும் சாயங்காலம் அதே கதைதானே. வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதே, பிளக்கையே பிடுங்கி வை.

அம்மை சுகம் கேட்டாள். மீட்டர் எவ்வளவு காட்டியது என்று ராத்திரி போனில் சொல், கெபாசிட்டர் நான் இங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன்.

அப்பா