மதிப்பெண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெடிசின் துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மருத்துவக் கல்லூரிகள் தாங்களே நடத்தும் இன்டர்னல் தேர்வுகளில், மதிப்பெண்ணோடு எங்கே தவறினார் என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது வந்த லாக்புக்கில் (மாணவர் செய்த பயிற்சிகளைப் பதியும் ஏடு), ஃபீட்பேக், அதாவது நிறைகுறை பற்றி ஆசிரியர் சொல்லும் கருத்து, கிடைத்தது என்று மாணவர் கையெழுத்திட ஒரு கட்டம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கட்டங்கள் கடைசி நேரத்தில் மொத்தமாக நிரப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் எங்கே தவறினோம் என்று தெரியாமலேயே பிள்ளைகள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் சக ஆசிரியர்களும் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட முறை. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு சிறு பணி என்று வைத்திருப்பார்கள்; மணி அடிக்க அடிக்க மாணவர் ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்வார்; ஆசிரியர் செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பார். ஒரே நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லும் பழைய லாங் கேஸ் தேர்வில் மாணவர் நோயாளியைப் பரிசோதிப்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. முடித்துவிட்டு வந்து சொல்வதைத்தான் கேட்போம். ஆஸ்கியில் எல்லாம் நம் கண் முன்னே நடக்கிறது. வயிற்றை அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் தன் கையையே பார்க்கிறார் ஒருவர். இன்னொருவர் சட்டைக் கைக்கு மேலேயே பிபி கஃப் சுற்றுகிறார். தொடப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே தொடுபவர்களும் உண்டு. மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் நோட்டீஸ் போர்டில் 20-க்கு 11 என்று வரும். மீதி 9 எதற்காகப் போனது?

பல்கலைக்கழகத் தேர்வில் அதைச் சொல்ல முடியாது, சரி. இன்டர்னலில் என்ன தடை? நேரமில்லை என்பார்கள். ஒரு பேட்சில் 150 பேர், 200 பேர் என்றால் அது உண்மையான கஷ்டம்தான். அப்படியும் ஒரு மணியோசைக்கும் அடுத்த மணியோசைக்கும் நடுவே ஒரு நிமிடம் விடலாம். டிக் அடித்த தாளின் நகலைக் கையில் கொடுக்கலாம். தாள் வெளியே போனால் அடுத்த பேட்சுக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். தெரியட்டுமே! பிபி பார்ப்பதில் ரகசியம் என்ன இருக்கிறது?

சொல்கிற விதமும் முக்கியம். நோயாளி எதிரிலேயே "நீயெல்லாம் டாக்டராகி என்ன செய்யப்போகிறாய்" என்று கத்துவதால் எந்த மாணவரும் எதையும் கற்றதில்லை; வெட்கப்பட்டு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் மாணவரிடம் "நடுவிரலை நெஞ்சில் நன்றாகப் பதித்து வை, மணிக்கட்டிலிருந்து தட்டு" என்று சொன்னால் அடுத்த நோயாளியிடமே திருத்திக்கொள்வார்.

தேர்வுக்காகப் படுத்திருக்கும் நோயாளியிடமும் கேட்க வேண்டும். வலித்ததா, சொல்லிவிட்டுத் தொட்டாரா, போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டாரா என்பது அவருக்குத்தான் தெரியும். துறைத் தலைவர்கள் அடுத்த இன்டர்னலிலேயே இதைத் தொடங்கலாம். தனி உத்தரவு எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர்,
திருச்சி