ஐந்தாவது பெயருக்காக ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

நேற்று மாலை என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோலோடுதான் வந்தார், வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினார், ஆனாலும் தன் காலால் நடந்து உள்ளே வந்தார். பக்கத்து அறையில் அவர் தூங்குகிற சத்தம் கேட்கிறது. அது கேட்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்த விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இரவை மறுபடியும் எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை.

இரத்தம் கொடுத்த நான்கு பேருக்கும், 23 நாளும் இரவு முறை வைத்து வந்து கண்விழித்த தம்பிகளுக்கும், என் மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தவர்களுக்கும், கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்து, பாத்திரத்தைக்கூடக் கழுவ விடாமல் எடுத்துப்போனவர்களுக்கும், உபவாசத்தோடு ஜெபித்த சகோதரிகளுக்கும், போதகர் ஐயாவுக்கும் என் நன்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர் இருந்தார். என் கணவருக்கு நினைவே இல்லாத நாட்களிலும், காதருகே குனிந்து "ஐயா, ஊசி போடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். அந்தச் சகோதரியைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடலில் பாதிக்கு மேல் என் மகளுக்கு உரியது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். அவள் எனக்குச் செய்தது இன்னதென்று அவளுக்கே தெரியாது. உங்களில் சிலர் அன்று அந்தக் கூடத்தில் இருந்தும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

காத்திருப்போர் கூடத்தில், எதிர்ச் சுவர் ஓரமாகக் கடைசி நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். எதிரே வந்த வண்டியை ஓட்டிய பையனின் தாய். அவனும் அதே பிரிவில்தான், என் கணவருக்கு நான்கு கட்டில் தள்ளிக் கிடந்தான். நீங்கள் வரும்போதெல்லாம் என்னைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் அத்தனை முதுகுகளும் அந்த அம்மாவின் பக்கம் இருந்தன. அந்த முதுகுகள் எனக்கு ஆறுதலாக இருந்தன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் நாள் மாலை. மகள் தன் நோட்டை வைத்துக்கொண்டு கூடத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் போய் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பொழுது போகாமல் விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி நாற்காலியை நோக்கி நடந்தாள். கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் அங்கே போய்விட்டாள்.

பாட்டிலை நீட்டினாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். கை நடுங்கிய நடுக்கத்தில் மூடியைத் திருக முடியவில்லை. மகள் அதைத் திரும்ப வாங்கி, வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் திருகித் திறந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு நோட்டைப் பிரித்து, "உள்ளே இருக்கிற அண்ணன் பெயர் என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னது மகளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பென்சிலால் எழுதிக் காட்டினாள். ஓர் எழுத்துத் தப்பு. அவர் விரல் வைத்துக் காட்ட, அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

இரவு வீட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நோட்டின் கடைசிப் பக்கம். முதலில் அப்பா. அதன்கீழ் வார்டில் இருந்த மூன்று பேர். அவர்களுடைய குடும்பத்தாரோடு ஆறு நாளாக ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஐந்தாவதாக அந்தப் பையன். பக்கத்தைக் கிழிக்கத்தான் கை போனது.

"இது யார் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா. அப்பாவை இடித்த அண்ணன்."

"தெரிந்துமா எழுதினாய்?"

"அந்த ஆன்ட்டிக்கு யாருமே வரவில்லையே அம்மா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. முழங்காலில் நின்று ஐந்து பேருக்காகவும் ஜெபித்தாள். அப்பாவின் பெயரை எந்தக் குரலில் சொன்னாளோ, அதே குரலில் ஐந்தாவது பெயரையும் சொன்னாள். என் வாயிலிருந்து ஆமென் வரவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, சென்ற மாதம் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம் நடத்தியதாகச் சொன்னார். அக்கா, உங்களுக்குத் தனியாக என் நன்றி. அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நாகமானையும், எலிசா தீர்க்கதரிசியையும், குஷ்டம் நீங்க நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகியதையும்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அந்தச் சிறுபெண்ணிடம் நின்றதில்லை. சிரியாவின் படைகள் அவளை இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போயின. அவள் வேலை செய்தது அந்தப் படையின் தலைவன் நாகமான் வீட்டில். அவனுக்குக் குஷ்டம் வந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. அவளோ, சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் நலமாயிருக்கும் என்கிறாள். 27 வசனங்களில் அவள் பேசுவது ஒரே வசனம். அவள் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை.

அந்த இரவு தூக்கம் வராமல் லூக்கா 4ஆம் அதிகாரத்துக்குப் போனேன். இயேசு தம் சொந்த ஊர் ஜெப ஆலயத்தில் இதே நாகமானைப் பற்றிப் பேசுகிறார். இஸ்ரவேலில் குஷ்டரோகிகள் அநேகர் இருந்தும் சிரியனான நாகமானே சுத்தமானான் என்கிறார். கேட்டவர்கள் கோபத்தால் நிறைந்து, அவரை மலைச்சிகரம்வரை தள்ளிக்கொண்டு போகிறார்கள், கீழே உருட்டிவிட. அந்தக் கூட்டத்தின் கோபம் எனக்கு அன்றுதான் புரிந்தது. என் பிள்ளையின் நோட்டைக் கிழிக்கப் போன கையில் இருந்ததும் அதுதான்.

போதகர் ஐயா வேதபாட வகுப்பில் சொன்ன ஒன்றும் நினைவுக்கு வந்தது. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளில் ஒன்றாகத் "தயவு" வருகிறது அல்லவா? அதன் கிரேக்க வேர்ச்சொல்தான் மத்தேயு 11:30இல் "என் நுகம் மெதுவாயும்" என்கிற இடத்திலும் இருக்கிறது. கழுத்தை உறுத்தாத நுகம். நான் ஒருவேளை அன்று எழுந்து போயிருந்தால், உங்கள் மகனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். அந்த அம்மாவின் கழுத்தில் அது எவ்வளவு கனமாக ஏறியிருக்கும்! மகள் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூடியைத் திறந்து கொடுத்தாள். பெயரைக் கேட்டாள்.

நான் எழுந்து போக இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர்தான் கேட்டார், "உங்கள் வீட்டுக்காரர் கண் திறந்தாரா?" திறந்தார் என்றேன். "உங்கள் மகன்?" என்று கேட்டபோது தலையை மட்டும் அசைத்தார். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் கதவு ஒன்றுதான், பயமும் ஒன்றுதான்.

தவறு அந்தப் பையனுடையது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சில இரவுகளில் நெஞ்சு எரியத்தான் செய்கிறது. அது ஆறட்டும் என்று என் மகள் காத்திருக்கவில்லை. நானும் இனிக் காத்திருக்கப்போவதில்லை. எரிகிற இரவிலும் ஐந்தாவது பெயரைச் சொல்லியே ஜெபிப்பேன் என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். நேற்றிரவு அந்த நோட்டை என் கணவரிடம் காட்டினோம். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் விரலை வைத்து, "இவன் எப்படியிருக்கிறான்?" என்று கேட்டார்.

அவன் இப்போது கண் திறந்துவிட்டான். ஆனால் இன்னும் வார்டில்தான் இருக்கிறான். எங்களுக்காக முறை வைத்து வந்த தம்பிகளே, சகோதரிகளே, எங்கள் முறை முடிந்துவிட்டது. இனி எங்கள் வீட்டுக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம். அந்த அம்மாவுக்கு இரவில் துணைக்கு ஆளில்லை. வியாழக்கிழமை நான் போகிறேன். மற்ற நாட்களுக்கு யார் யாரால் முடியும் என்று சொல்லுங்கள். போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தே கொடுங்கள். அவர் கை இன்னும் நடுங்குகிறது.