நாகாலாந்து போகும் தமிழ் வ்ளாக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண வ்ளாக்கர்களுக்கு,

வணக்கம். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அரசு அனுமதி எடுக்க வேண்டும் என்பதே உங்கள் வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கோஹிமா பக்கத்தில் கிசாமாவில் டிசம்பர் 1 முதல் 10 வரை நடக்கும் நாகர்களின் ஹார்ன்பில் திருவிழாவுக்கு நான் கிளம்பியதும் உங்களால்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்த மலைகளின் பாட்டை எங்கள் காதில் விழ விடுங்கள்.

திரும்பி வந்தபின் அதே வீடியோக்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு குழு தொண்டை திறந்து பாடுகிறது. நமக்குக் கேட்பதோ இலவச இசைத் தொகுப்பில் எடுத்த ஏதோ ஒரு கிதார். லடாக்குக்கும் அதே கிதார், மூணாறுக்கும் அதே கிதார். தம்ப்நெயிலில் நாய்க்கறி. இவ்வளவு தூரம் போய் இதையா கொண்டுவருவது என்று மனசு விட்டுப்போனது.

திமாப்பூரிலிருந்து கோஹிமா ஏறும் ஷேர் சுமோவில் ஓட்டுநர் போட்ட பாட்டில்தான் டெட்சியோ சகோதரிகள் என்ற பாடகிகளை நான் முதலில் கேட்டேன். நாகாலாந்தின் ஃபேக் மாவட்டத்தில் வாழும் சாகேசாங் என்ற நாகர் இனத்தவர்கள். ‘லி’ எனப்படும் பாட்டுகளைச் சோக்ரி மொழியில் பாடுகிறார்கள். வயல் வேலை, காதல், பிரிவு எல்லாம் அதில் உண்டு. குரல்மேல் குரல் ஏறிக்கொண்டே போகும். துணைக்கு ‘தாத்தி’ என்ற ஒற்றைத் தந்திக் கருவி ஒலித்தாலே போதும், பாட்டு நிறைந்துவிடும்.

அவர்களைத் தேடப் போய் ரூபென் மஷாங்வா என்ற பாடகர் கிடைத்தார். பக்கத்து மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்தைச் சேர்ந்த, தாங்குல் என்ற நாகர் இனத்தவர். பாப் டிலன், பாப் மார்லி பாட்டுகளில் ஊறியவர். அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் பழைய பாட்டுகளைக் கேட்டுச் சேகரித்திருக்கிறார். கிதாரோடு சேர்த்து வாசிக்க வசதியாக, திங்டெய்லா என்ற தந்திக் கருவியையும் யாங்காஹுய் என்ற மூங்கில் குழலையும் அவரே திருத்தி அமைத்தார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பாட்டில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையும் உண்டு, உக்ருல் மலையும் உண்டு. எதை எங்கே பிரிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இவர்கள் செய்வது லேசான வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகர் மலைகளுக்குக் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தபின், பழைய வழிபாட்டோடு சேர்த்துப் பழைய பாட்டுகளும் ஒதுக்கப்பட்டன. நாகர் மொழிகள் அதுவரை எழுத்தில்லாமல் இருந்தவை. ஊரின் வரலாறே பாட்டில்தான் இருந்தது. ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பிறர் பாட்டைப் போட்டால் யூடியூபில் காப்பிரைட் ஸ்ட்ரைக் வரும் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். சரி, பாடியவர்களிடமே நேரே அனுமதி கேளுங்கள். காசு கேட்டால் கொடுங்கள். ரூமுக்கும் வண்டிக்கும் ஆகும் பணத்தோடு இதையும் பயணச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டையாவது நடுவில் பேசாமல், வெட்டாமல் முழுசாக விடுங்கள். கீழே பாடியவர் பெயர், மொழி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். ‘யார் ப்ரோ இது பாடினது?’ என்று கமெண்ட்டில் கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பெயர் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சேனல்களை விடாமல் பார்க்கும் ஒருத்தி